வடக்குத் தாளும் தெற்குத் தாளும்

வரைபடத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டதும் கேட்கிற முதல் கேள்வி, "கணினி இல்லாத காலத்தில் எப்படி ஐயா வேலை செய்தீர்கள்?" என்பது. கையால் செய்தோம். கண் கெட்டது, முதுகு வளைந்தது, அவ்வளவுதான். அதை விளக்கி உங்கள் நேரத்தைத் தின்ன நான் விரும்பவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நாட்டின் எல்லை எங்கே என்று ஆளுக்கு ஆள் அடிபட்டுக்கொண்டிருக்க, அச்சு இயந்திரம் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வீர்கள்? பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடம் கிடையாது. என்னிடமும் சூத்திரம் இல்லை. ஒரு தீவின் கதை இருக்கிறது, சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். நில அளவை படிப்பதற்காக அறுபதுகளில் ஸ்டுட்கார்ட் வந்து, படித்து முடித்து, அங்கேயே ஒரு வரைபட நிறுவனத்தில் ஒட்டிக்கொண்டவன். பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குகிற பெரிய படங்கள்தான் எங்கள் சரக்கு. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அவ்வளவு பெரிய தாளை எங்கள் இயந்திரத்தில் அச்சடிக்க முடியாது. ஆகவே இரண்டு மூன்று தாள்களாக அச்சடித்து, பின்னால் துணி வைத்து, ஒன்றாக ஒட்டிவிடுவோம். இந்த ஒட்டை மனதில் வைத்திருங்கள். கதை முழுக்க இதன் தலையில்தான் விடியப்போகிறது.

முதலாளியை ஜேர்மனியில் செஃப் என்பார்கள். எங்கள் செஃப் லைப்சிக் நகரத்தில் தொழில் பழகியவர். யுத்தத்துக்குப் பிறகு நாடு இரண்டானபோது அவர் மேற்கே வந்துவிட்டார், அவருடைய அண்ணன் கிழக்கில் நின்றுவிட்டார். அண்ணனுக்கும் இதே தொழில். சகோதரர் இருவரும் ஒரே ஜேர்மனியை, அதே ஆறுகளோடும் அதே மலைகளோடும், ஆளுக்கொரு பக்கத்தில் இருந்து வரைந்தார்கள். அண்ணன் நடுவில் தடித்த எல்லைக் கோடு போடுவார், அது அவர்களுடைய அரசாங்கத்தின் கட்டளை. தம்பி மெல்லிய புள்ளிகள் வைப்பார், ஏனென்றால் எங்கள் பக்கத்து அதிகாரிகளின் கணக்கில் அது எல்லையே அல்ல. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, இருவரும் தங்கள் புதிய படங்களை எப்படியோ ஒருவருக்கொருவர் அனுப்பி, பிழை பிடித்து எழுதுவார்கள். "எங்கட அண்ணனுக்கு எல்பே ஆற்றை வளைக்கத் தெரியாது" என்று செஃப் சிரிப்பார். நடுவில் இருந்த கோட்டைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு சொல் எழுதமாட்டார்கள்.

எங்கள் கூடத்தில் கோடுகள் மூன்று ரகம். ஒன்று, எல்லை. இரண்டாவது, எல்லை மாதிரித் தெரிந்தாலும் எல்லை அல்லாதது. மூன்றாவது, முன்பு எல்லையாக இருந்து, இப்போது இல்லாவிட்டாலும் சட்டப்படி இன்னும் இருக்கிறது என்று சொல்லப்படுவது. எங்கள் ஊரில் வேலிக்கு நடுகிற கதியாலை அரைச்சாண் தள்ளி நட்டதற்காகப் பரம்பரையாகக் கோர்ட்டு வாசலில் நிற்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படியான மண்ணில் பிறந்த எனக்கே தலை சுற்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1974ஆம் ஆண்டு. அந்தக் கோடையில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி ஜேர்மனியிலேயே நடந்தது. ஜேர்மனி முதலில் ஜேர்மனியிடம் தோற்றது. பிறகு ஜேர்மனி கிண்ணத்தை வென்றது. தோற்ற அன்று செஃப் அண்ணனுக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். வென்ற அன்று அண்ணனிடமிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. எல்லாரும் நல்ல குணத்தில் இருந்தோம். கிழக்கு மத்தியதரைக் கடல் சுவர்ப்படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கிரேக்கரும் துருக்கியரும் வாழ்கிற சைப்பிரஸ் தீவில் அரசைக் கவிழ்த்தார்கள், சில நாட்களுக்குள் துருக்கிப் படை வடகரையில் இறங்கியது.

செஃப் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னை "சிலோன்" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடம் முன்பு எங்கள் நாடு பெயரை மாற்றிக்கொண்டபோது படத்தில் அதைத் திருத்தியவனே நான்தான். படத்தில் மாறியது, அவர் வாயில் மாறவில்லை. நாங்கள் எல்லாரும் பேசியது ஜேர்மன். அதிலும் பாதிப்பேர் பேசியது உடைந்த ஜேர்மன். அதை அப்படியே எழுத எனக்கு ஏலாது, என் வாய்க்கு வந்த தமிழிலேயே தருகிறேன்.

"சிலோன், சைப்பிரஸ் இனி உன்ர பொறுப்பு."

"என்ர பொறுப்போ? ஏன் செஃப்?"

"நீ தீவுக்காரன்தானே. தீவு விசயம் உனக்குத்தான் விளங்கும்."

தீவில் பிறந்தவனுக்கு எல்லாத் தீவும் விளங்கும் என்றால் மீனுக்குக் கப்பலோட்டத் தெரிய வேண்டும். ஆனால் செஃப் சொன்னால் சொன்னதுதான்.

இனி இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். யானிஸ், கிரேக்கன். அச்சுக்குப் போகுமுன் படம் பதிந்திருக்கிற ஃபிலிம் படலங்களில் ஊசியாலும் பிளேட்டாலும் திருத்தம் செய்கிறவன். வடக்குக் கிரேக்கத்தில் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் ஆடுகளோடு வளர்ந்தவன். ஹசன், துருக்கியன். அச்சு இயந்திரம் அவன் கையில். நடு அனதோலியாவில் பிறந்து, ஜேர்மனிக்கு ரயிலேற இஸ்தான்புல் வந்தபோதுதான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைக் கண்டவன். எங்கள் மூன்று பேரில் ஒருவன்கூடச் சைப்பிரஸ் மண்ணை மிதித்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரியும், ஏனென்றால் படம் போட்டதே நாங்கள்.

இரண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பும், நீண்ட பிடி வைத்த ஒரு செப்புச் சட்டியும் இருந்தன. பத்து மணிக்கு ஹசன் அதில் கோப்பி காய்ச்சுவான், யானிஸ் சீனி போடுவான், நான் குடிப்பேன். கோப்பி குடிக்கும்போது ஹசன் சட்டைப்பையிலிருந்து மனைவி எமினேயும் இரண்டு பெண்பிள்ளைகளும் நிற்கிற படத்தை எடுத்துக் காட்டுவான். முந்தின நாளும் காட்டிய அதே படம்தான். யானிஸ் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து, "பெரியவள் வளந்திட்டாளடா" என்பான்.

ஹசன் குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு அன்ட்ராக் போட்டிருந்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தைத்தான் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் கடைசி டெர்மின், நேரில் வரச் சொல்லிக் குறித்த நாள். அந்த நாளில் அவனுக்கு வேலை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முந்தின வருடக் கடைசியில்தான் ஜேர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை நிறுத்தியிருந்தது. வேலை போனவன் இன்னொரு வேலை தேடுவதற்குள் விசா போய்விடும், போனவன் திரும்ப வர ஏலாது. பாடசாலைகள் திறப்பதற்குள் அந்தச் சுவர்ப்படம் போகாவிட்டால் முழு ஓடரும் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடும், அச்சுக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று செஃப் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆக, எமினேயும் பிள்ளைகளும் ஸ்டுட்கார்ட் வருவதும் வராததும் அந்தப் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் யார் யாருடைய கை பட்டதோ அவர்கள் எல்லாரும் கடைசி மாதிரித் தாளின் ஓரத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் இயந்திரம் ஓடாது. முன்னொரு காலத்தில் ஒரு முழு ஏரியையே விட்டுவிட்டு அச்சடித்து, "நான் பார்க்கேல்லை, அவன் பார்த்தான்" என்று எல்லாரும் கைவிரித்ததால் வந்த சட்டம். நல்ல சட்டம்தான். அதுதான் எங்கள் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

மாதிரித் தாளை மேசையில் விரித்தேன். ஹசன் தீவைப் பார்த்தான்.

"கோடு எங்க?"

"என்ன கோடு?" என்றான் யானிஸ்.

"எங்கட ஆக்கள் நிக்கிற இடத்துக்குக் கோடு வேணும். இல்லாட்டி நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"கோடு போட்டா நான் போடமாட்டன். அது ஒரு நாடு. கொடியிலகூட முழுத்தீவையும் கீறி வைச்சிருக்கிறாங்கள், போய்ப் பார்."

"கொடியை நீ என்ன கண்டாய்? நீ ஆடு மேய்ச்சனீ!"

"நீ கடலையே காணாதனீ!"

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அடுத்த நாள் காலையில் செப்புச் சட்டி ஹசனுடைய அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. யானிஸ் வீட்டிலிருந்து தனக்கென்று ஒரு சட்டி கொண்டுவந்தான், ஆனால் அடுப்பு ஹசனுடைய இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தபடியால் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஹசனிடம் கோப்பி இருந்தது, ஆனால் சீனி யானிஸிடம். கடைசியில் மூன்று பேரும் செஃப்பின் கந்தோர் அறையில் இருந்த ஜேர்மன் இயந்திரத்துக் கோப்பியைக் குடித்தோம். கழுநீர் மாதிரி இருக்கும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எங்கள் கூத்தில் அந்தக் கோப்பி இயந்திரத்துக்குத்தான் கொண்டாட்டம்.

நான் செஃப்பிடம் போனேன். மூன்று ரகக் கோட்டில் இரண்டாவதை, எல்லை மாதிரித் தெரிந்தாலும் எல்லை அல்லாததை, சைப்பிரஸுக்குப் போடுவோம் என்றேன். அதற்கென்றே செய்த கோடு மாதிரி இருந்தது. செஃப் முகம் சிவந்துவிட்டது.

"அது எங்கட கோடு."

"ஓம் செஃப், ஆனா..."

"நானும் அண்ணனும் அந்தக் கோட்டோட எத்தினை வருசமாச் சீவிக்கிறம் தெரியுமோ? வேற ஆக்களுக்குத் தர ஏலாது. அவைக்கு வேணுமெண்டா அவையே ஒண்டு கண்டுபிடிக்கட்டும்."

இப்படி ஒரு பதிலை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கோட்டை விட்டு நிறத்துக்குப் போனேன். நீலம் கூடாது, கிரேக்கக் கொடி. சிவப்புக் கூடாது, துருக்கிக் கொடி. பச்சை கூடாது. பத்து வருடம் முன்பு தலைநகரை இரண்டாகப் பிரித்த அதிகாரி பச்சைப் பென்சிலால் கீறியதால் அங்கே பச்சை என்றாலே கோடு. முழுத்தீவுக்கும் மஞ்சள் பூசிக் காட்டினேன். "மஞ்சள் எண்டா தொற்றுநோய்க் கொடி" என்றான் ஹசன். அதை யானிஸும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்ட கையோடு ஹசன் சொன்னதை ஒத்துக்கொண்டுவிட்டோமே என்று கோபம் வந்து, எழும்பிப் போய்விட்டான்.

இதற்குள் ஆவணி நடுப்பகுதி. துருக்கிப் படை மறுபடி முன்னேறியது. நான் இவ்வளவு நாளும் எந்தக் கோட்டைப் போடுவதா விடுவதா என்று மண்டையை உடைத்தேனோ, அந்தக் கோடே இடம் மாறி, தீவின் மேற்கிலிருந்து கிழக்குவரை ஓடிவிட்டது. பாடசாலை திறக்கக் கொஞ்ச நாட்கள்தான் இருந்தன. செஃப் அச்சுக்கூடத்துக்கு வந்து, ஓடாமல் நின்ற இயந்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஹசன் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்தான், எங்களுக்குக் காட்டவில்லை, தானே பார்த்துவிட்டு வைத்துவிட்டான். கையெழுத்திட்டால் மானம் போகும், இடாவிட்டால் பெண்சாதி பிள்ளை வராது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கன்னத்தைப் பொத்தி ஒன்று போடவும் வேண்டும் போல இருந்தது.

மனம் வெறுத்துப்போய் ஒட்டுக்கூடத்துக்குள் போனேன். அங்கே ஃப்ராவ் எல்ஃப்ரீடே என்ற அம்மா பசை வாளியோடு இருப்பார். அச்சடித்த தாள்களைத் துணியில் ஒட்டிச் சேர்ப்பது அவர் வேலை. உலகத்தில் அவர் ஒட்டாத நாடு இல்லை.

"ஏன் மூஞ்சை தொங்குது, சிலோன்? இந்தமுறை ஒட்டு நல்ல இடத்திலயல்லோ விழுது. சைப்பிரஸுக்குக் கொஞ்சம் கீழ, கடலுக்குள்ள. கடலில ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன். பிறகு தாளைப் பார்த்தேன். மேல் தாள், கீழ்த் தாள். ஒட்டைக் கொஞ்சம், ஒரு கையளவு கொஞ்சம், மேலே தூக்கினால்?

செஃப்பிடம் ஓடினேன். கோடு இல்லை, நிறம் இல்லை, ஒன்றும் இல்லை செஃப். தாள் இரண்டாகப் பிரிகிற இடம் தீவின் நடுவில் வரட்டும். வடபாதி மேல் தாளில், தென்பாதி கீழ்த் தாளில். ஹசன் மேல் தாளின் ஓரத்தில் கையெழுத்திடட்டும், யானிஸ் கீழ்த் தாளில் இடட்டும். படத்தில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம், எந்தத் தாளில் என்று சட்டத்தில் இல்லையே.

செஃப் விரலால் மேசையின் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

"இத்தினை வருசம் புள்ளி வைச்சுச் செத்தன். இது எனக்கு ஏன்டா தோன்றேல்லை?"

ஹசனுக்குச் சொல்வது லேசாக இருந்தது.

"கோடு இல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஏலாது."

"ஆனா தீவு ரெண்டு தாளில இருக்கும்."

"ரெண்டு தாளிலயோ?" அவன் முகம் மலர்ந்தது. "வடக்கு என்ர தாளிலயோ?"

"உன்ர தாளிலதான்."

"கொண்டா பேனையை."

யானிஸிடம் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டை மாற்ற வேண்டுமென்றால் படலத்தைத் தீவின் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டுகிறவன் யானிஸ். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"உன்ர தீவெண்டா நீ வெட்டுவியோ?"

"இது வெட்டு இல்லை யானிஸ், ஒட்டு. வெறும் பேப்பர் விசயம்."

"வெறும் பேப்பர்."

"ஓம். வெறும் பேப்பர்."

அவன் இயந்திரப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஹசனும் அவனும் முகம் கொடுத்துப் பேசிப் பல நாட்கள் ஆகியிருந்தன.

"எமினேக்கு எப்ப டெர்மின்?" என்று கேட்டான்.

"ஐப்பசியில."

"நாசமாப் போக" என்றான். யாரைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அளவுகோலை வைத்து, பிளேட்டை அழுத்தி, தீவின் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டினான். அவன் கண் நிரம்பியிருந்தது. "நான் ஏன் வெட்டினனான் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை" என்றான். எனக்கு வாய் நிற்காது. மத்தியானத்துக்குள் ஹசனிடம் சொல்லிவிட்டேன். ஹசன் கையிலிருந்த மையைத் துடைத்தான். அலுமாரியைத் திறந்து, செப்புச் சட்டியை எடுத்துக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தான். அடுப்பை மூட்டவில்லை, வைத்தான், அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இரண்டு தாளை ஒட்டும்போது ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஒரு விரல் அகலத்துக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. எது மேலே ஏறுவது? வடக்குத் தாள் ஏறினால் தெற்கு நிலத்தில் கொஞ்சம் மறையும். தெற்குத் தாள் ஏறினால் வடக்கில் மறையும். "அது படையெடுப்பு" என்றான் ஒருவன். "மற்றது மட்டும் என்னவாம்?" என்றான் மற்றவன். ஒரு விரல் அகலப் பசைக்காக ஒட்டுக்கூடத்து வாசலில் நின்று இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

ஃப்ராவ் எல்ஃப்ரீடே வாளியைக் கீழே வைத்தார்.

"நான் அல்ப்ஸ் மலையை ஒட்டியிருக்கிறன். சகாராவை ஒட்டியிருக்கிறன். ஒருத்தரும் கத்தேல்லை. இனி ஒரு படத்துக்கு வடக்கு மேல, அடுத்த படத்துக்குத் தெற்கு மேல. மாறி மாறி ஒட்டுவன். பிடிக்காட்டி ரெண்டு பேரும் வந்து பசையைத் தடவுங்கோ!"

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியே செய்தார். பாடசாலைகளில் பாதிக்கு வடக்கு ஏறிய தீவு போனது, பாதிக்குத் தெற்கு ஏறிய தீவு போனது. தலைநகரம் சரியாக ஒட்டின் மேல் வந்ததால், அதன் வட்டக் குறியில் ஒரு பாதி ஒரு தாளிலும் மறுபாதி மற்றத் தாளிலுமாக, பசை ஈரத்தில் கொஞ்சம் விலகி, இரண்டு அரை வட்டமாக நின்றது. ஓர் ஆசிரியர் முறைப்பாடு எழுதினார்: தலைநகரம் இரண்டாக உடைந்திருக்கிறது, பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, மாற்றித் தரவும். செஃப் எனக்குப் பதிலைச் சொல்லி எழுதுவித்தார்: "தங்கள் கவனிப்புக்கு நன்றி. தற்போதைய நிலவரப்படி படம் சரியானதே."

படம் நேரத்துக்குப் போனது. அச்சுக்கூடம் மூடப்படவில்லை. ஐப்பசியில் ஹசனுக்கு டெர்மின் நல்லபடி முடிந்து, குளிர் தொடங்கும்போது எமினேயும் பிள்ளைகளும் ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஹசன் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுததில் பெட்டியை மறந்துவிட்டான். கயிறு கட்டிய பெரிய பெட்டி. யானிஸ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். "இந்த ஆள் யார்?" என்று எமினே கேட்டது எங்களுக்கு விளங்கியது, துருக்கி மொழி தெரியாமலே விளங்கியது. ஹசன் என்ன பதில் சொன்னான் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அந்தப் பெண் திரும்பி யானிஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் பத்து மணிக்கு அடுப்பு மூட்டப்பட்டது. அது துருக்கிக் கோப்பியா கிரேக்கக் கோப்பியா என்று நான் கேட்கவில்லை. மடையனும் கேட்கமாட்டான்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம். 1977. தெற்காசியாவுக்கு ஒரு புதிய சுவர்ப்படம். இதுவும் என் பொறுப்புத்தான், இந்தமுறை நியாயமான காரணத்தோடு. அந்த ஆவணியில் ஊரிலிருந்து வந்த கடிதங்களை வாசித்துவிட்டு வேலைக்கு வருவது லேசாக இருக்கவில்லை. கொழும்பில் இருந்த எங்கள் சொந்தக்காரர் இனக் கலவரத்தில் வீடு வாசலை விட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தார்கள். கூடத்தில் நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. படம் பெரியது, மூன்று தாள். ஃப்ராவ் எல்ஃப்ரீடே அளவுநாடாவை வைத்துப் பார்த்துச் சொன்னார்.

"முதல் ஒட்டு இந்தியாவுக்கு நடுவில. ரெண்டாவது ஒட்டு இஞ்ச."

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். இந்தியாவின் தென்கோடியைக் கடந்து, கடலைக் கடந்து, எங்கள் தீவில் மன்னாருக்குச் சற்று மேலே கரையேறி, கிழக்கே முல்லைத்தீவுக்குச் சற்றுக் கீழே கடலில் இறங்கியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தாளின் அளவு அப்படி. யானிஸ் பிளேட்டை எடுத்தான்.

"ஏலாது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் கத்தியிருக்கிறேன் போல.

செஃப் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். "ஏன் ஏலாது? இது கோடு இல்லையே, ஒட்டு. வெறும் பேப்பர் எண்டு நீதானே சொன்னனீ."

நான் யானிஸின் கையிலிருந்த பிளேட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான்தான் சொன்னேன். யானிஸுக்கு முன்னால் நின்று, அவன் கையில் பிளேட் இருக்க, இதே மேசையில் சொன்னேன்.

"எங்கட தீவில கோடு இல்லை, செஃப்" என்றேன். படத்தில் தீவின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

யானிஸ் பிளேட்டை மேசையில் வைத்தான். "நான் வெட்டமாட்டன்."

"வெட்டினாலும் நான் அச்சடிக்கமாட்டன்" என்றான் ஹசன்.

ஒரு தீவைப் பற்றி அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஒட்டை எங்க போடுறது, ஆகாயத்திலயோ?" என்றார் செஃப்.

படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம் என்றான் யானிஸ். சுருக்கினால் தீவு முழுசாக நடுத் தாளுக்கு ஏறிவிடும், ஒட்டு அதற்குக் கீழே கடலில் விழும். எல்லாப் படலத்தையும் புதிதாக எடுக்க வேண்டும், அவன்தான் எடுக்க வேண்டும், எடுக்கிறேன் என்றான்.

"அப்ப மூன்றாம் தாளில என்ன இருக்கும்?"

"கடல்."

"தாள் முழுக்கவோ?"

"ஒரு ஓரத்தில கொஞ்சம் மாலைதீவு."

"விசரே உங்களுக்கு? ஒரு தாள் முழுக்கத் தண்ணியை எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்?"

"பிள்ளையளுக்குக் கடல் பிடிக்கும், செஃப்" என்றான் ஹசன். "என்ர ரெண்டுக்கும் பிடிக்கும்."

செஃப் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தீவைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அண்ணனை நினைத்தாரோ என்னவோ. "குறி விளக்கப் பெட்டியைக் கடலில வையுங்கோ. கடல் சும்மா கிடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹசன் நாள் முழுக்க நீலத்தை அச்சடித்தான். அப்படி ஒரு நீலத்தை அவன் அதற்கு முன்னும் அடிக்கவில்லை, பின்னும் அடிக்கவில்லை. வழக்கப்படி மாதிரித் தாள்களை மேசையில் விரித்தோம். ஹசனும் யானிஸும் கடலின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். நான் நடுத் தாளில் இட்டேன்.

நீங்கள் இப்போது கணினியில் செய்கிறீர்கள். தாளும் இல்லை, பசையும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆனாலும் ஒருநாள் யாராவது ஒருவர் உங்கள் பின்னால் வந்து நின்று, உங்கள் திரையைப் பார்த்து, "ஏலாது" என்று கத்தினால், இது வெறும் கோடுதானே என்று சொல்லிவிடாதீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்துங்கள். ஒரு கோப்பி கொடுங்கள். ஊர் எது என்று கேளுங்கள்.

என் ஊர் இரண்டாம் தாளில் இருந்தது. முழுத் தீவும் அதிலேயே இருந்தது.